வீட்டார் சொல்லும் சாட்சியம்

எல்லாப் புகழும் ஏக இறைவனாகிய அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான அண்ணல் நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய தூய குடும்பத்தார் மீதும், அருமைத் தோழர்கள் மீதும் என்றென்றும் உண்டாவதாக!



மதுரைக்குக் கிழக்கே வைகைக் கரையை ஒட்டிய வண்டியூரில் சில மாதங்களுக்கு முன் ஒரு பெரியவர் வபாத்தானார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். கண்மாய்ப் பாசனத்தில் நெல் விளைந்த காலத்திலிருந்து, வயல்கள் எல்லாம் வீட்டு மனைகளாகிவிட்ட இந்தக் காலம் வரை, ஒரே இடத்தில் சிறிய மளிகைக் கடை நடத்தி வந்தவர். மனைவி, இரண்டு ஆண்மக்கள், ஒரு பெண், பேரப்பிள்ளைகள் என்று நிறைந்த குடும்பம். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் தெருவிலும் அப்படிப்பட்ட ஒரு பெரியவர் இருப்பார். அல்லது இருந்து மறைந்திருப்பார்.

ஜனாஸாத் தொழுகையை நாம்தான் நடத்தினோம். மண் தள்ளி, துஆ ஓதித் திரும்பினோம். நான்காம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு மூத்த மகன் நம்மைத் தேடி வந்தார். கூடவே பெரியவரின் மகள் வயிற்றுப் பேரன். ஒன்பது வயதுப் பிள்ளை.

"ஹஜ்ரத்! அத்தா எங்களுக்காகவே உழைச்சு ஓஞ்சவங்க. அவங்க நாப்பதாம் நாளை ஊரே பேசுற மாதிரிச் செய்யணும். ஐந்நூறு பேருக்காவது சாப்பாடு போடணும். பணம் கைமாத்துக்குச் சொல்லி வச்சிருக்கேன்" என்றார் மகன்.

"அத்தா கடையில் பற்று வரவு நோட்டு இருக்குமே, பார்த்தீர்களா? யாருக்காவது கொடுக்க வேண்டியது இருக்கிறதா?" என்று கேட்டோம்.

அவர் சற்றுத் தயங்கினார். "நோட்டு இருக்கு ஹஜ்ரத். அதை மெதுவாப் பாத்துக்கலாம்னு..." என்று இழுத்தார்.

அதுவரை தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற பேரன் அப்போது வாய் திறந்தான். "ஹஜ்ரத்! நன்னா முகம் செல்போன்ல இருக்கு. ஆனா நன்னா என்னையக் கூப்பிடுற சத்தம் அதுல இல்ல. அது எனக்கு மறந்துடுமா?"

நமக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஓதிப் படித்து ஸனது வாங்கிய நம்முடைய கல்வி, அந்தப் பிள்ளையின் கண்ணீருக்கு முன்னே ஒரு நிமிடம் மௌனமாகிவிட்டது. யோசித்துப் பார்த்தால் மாமனும் மருமகனும் கேட்டது ஒரே கேள்விதான். போனவரை நம்மோடு எப்படி வைத்துக்கொள்வது? ஒருவர் அதைப் பணத்தால் கேட்டார். மற்றவன் கண்ணீரால் கேட்டான்.

இந்தக் கேள்வி புதிதன்று. ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன்னர் மதீனாவில், உலகமே நேசித்த ஒரு கணவரை, தந்தையை, பாட்டனாரை இழந்து நின்ற ஒரு வீட்டில் இதே கேள்வி எழுந்தது. அந்த வீடு அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வீடு. அங்கிருந்து பதிலைத் தேடுவோம், வாருங்கள்!

பேரர் கேட்ட கேள்வி

ஹிஜ்ரி 11ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 632இல் நாயகம் (ஸல்) அவர்கள் வபாத்தானபோது, மூத்த பேரர் ஹஸன் (ரலி) அவர்களுக்கு எட்டு வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. அந்தப் பேரர் என்ன செய்தார்கள் தெரியுமா?

ஹிந்த் இப்னு அபீ ஹாலா (ரலி) என்று ஒரு ஸஹாபி இருந்தார்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்களுக்கு முந்தைய கணவர் மூலம் பிறந்த மகன். நாயகத்தின் வீட்டில் வளர்ந்தவர். ஆகவே ஹஸன் (ரலி) அவர்களுக்குத் தாய்மாமன். அண்ணலாரின் அங்க அடையாளங்களை அழகாக எடுத்துச் சொல்வதில் பெயர் பெற்றவர். ஹஸன் (ரலி) அந்த மாமாவிடம் சென்று, தாம் பற்றிக்கொள்வதற்கு ஏதாவது வேண்டும், பாட்டனார் எப்படி இருந்தார்கள் என்று சொல்லுங்கள் எனக் கேட்டார்கள். இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்கள் தம் ஷமாயில் நூலில் இந்த அறிவிப்பைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

மாமா சொன்னார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் நடந்தால் மேட்டிலிருந்து இறங்குபவரைப்போல் நடப்பார்கள். ஒருவரைத் திரும்பிப் பார்த்தால் உடல் முழுவதையும் திருப்பிப் பார்ப்பார்கள். அவர்களுடைய சிரிப்பு பெரும்பாலும் புன்னகையாகவே இருக்கும். இவ்வாறு முகம், நடை, பேச்சு, மௌனம் என்று ஒன்றுவிடாமல் சொன்னார்கள்.

இதைத் தம்பி ஹுஸைன் (ரலி) அவர்களிடம் சில காலம் சொல்லாமல் வைத்திருந்த ஹஸன் (ரலி), பிறகு சொன்னபோது ஒரு வியப்பு காத்திருந்தது. தம்பி முன்னமே மாமாவிடம் போய்க் கேட்டிருந்தார்கள்! அது மட்டுமா? தந்தை அலீ (ரலி) அவர்களிடமும், பாட்டனார் வீட்டிற்குள் எப்படி இருந்தார்கள் என்று கேட்டுவைத்திருந்தார்கள். வீட்டில் இருக்கும் நேரத்தை நாயகம் (ஸல்) அவர்கள் மூன்றாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு பங்கு அல்லாஹ்வுக்கு, ஒரு பங்கு குடும்பத்தாருக்கு, ஒரு பங்கு தமக்கு. தமக்கென்று வைத்த பங்கிலும் மக்களுக்குப் பாதியைக் கொடுத்துவிடுவார்கள் என்று தந்தையார் சொல்லியிருந்தார்கள்.

பிற்காலத்தில் அபுல் ஹவ்ரா என்பவர் ஹஸன் (ரலி) அவர்களிடம், பாட்டனாரிடமிருந்து தாங்கள் மனனம் செய்து வைத்திருப்பது என்ன என்று வினவினார். சந்தேகமானதை விட்டுவிட்டுச் சந்தேகமற்றதைப் பற்றிக்கொள்ளும்படி தமக்குச் சொன்ன உபதேசத்தை அவர்கள் எடுத்துரைத்தார்கள். ஒருமுறை தருமத்துக்கு வந்த பேரீச்சம் பழங்களில் ஒன்றைத் தாம் வாயில் போட்டுக்கொண்டதையும், பாட்டனார் அதை வாயிலிருந்து எடுத்துவிட்டதையும் அவர்கள் நினைவுகூர்ந்ததாக மற்றோர் அறிவிப்பு உண்டு. வித்ருத் தொழுகையில் ஓதும் குனூத் துஆவும் அந்தச் சின்னஞ்சிறு வயதில் பாட்டனார் கற்றுக்கொடுத்ததுதான்!

சிந்தித்துப் பாருங்கள்! ஏழெட்டு வயதுப் பிள்ளை தன் பாட்டனாரிடமிருந்து எடுத்துக்கொண்டவை ஓர் உபதேசம், ஒரு கண்டிப்பு, ஒரு துஆ. பேரப்பிள்ளைக்குச் சொத்து எழுதி வைக்கிறோமோ இல்லையோ, இந்த மூன்றையும் நாம் விட்டுச் செல்கிறோமா?

குரல் மறக்குமா?

பேரன் குரலைப் பற்றிக் கேட்டானே, அதற்கும் ஹதீஸில் பதில் உண்டு.

அன்னை கதீஜா (ரலி) அவர்களோடு நாயகம் (ஸல்) அவர்கள் 25 ஆண்டுகள் வாழ்ந்தார்கள். ஹிஜ்ரத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் அன்னையார் மறைந்தார்கள். ஆண்டுகள் பல கழிந்து, மதீனாவில் ஒருநாள் கதீஜா (ரலி) அவர்களின் சகோதரி ஹாலா (ரலி) வாசலில் நின்று உள்ளே வர அனுமதி கேட்டார்கள். அந்தக் குரலைக் கேட்டதும் நாயகம் (ஸல்) அவர்களுக்குத் தம் மனைவி அனுமதி கேட்கும் விதம் நினைவுக்கு வந்துவிட்டது. அவர்களுடைய உள்ளம் நெகிழ்ந்தது. வந்திருப்பவர் ஹாலாவாக இருக்கட்டும் என்று விரும்பினார்கள். புகாரீ, முஸ்லிம் ஆகிய கிதாபுகளில் பதிவான செய்தி இது.

குரல் போனவரோடு முற்றிலும் போய்விடுவதில்லை. அது உறவினரின் தொண்டையில் கொஞ்சம் மீதம் இருக்கிறது. உறவை வெட்டிக்கொண்டவனுக்கே அது கேட்காமல் போகும்.

பத்ருப் போர் ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில், கி.பி. 624இல் நடந்தது. அதில் கைதானவர்களில் நாயகத்தின் மூத்த மகள் ஜைனப் (ரலி) அவர்களின் கணவர் அபுல் ஆஸும் ஒருவர். அப்போது அவர் இஸ்லாத்தைத் தழுவியிருக்கவில்லை. கணவரை மீட்க மகள் மக்காவிலிருந்து ஒரு கழுத்து மாலையை அனுப்பினார்கள். திருமணத்தன்று தாய் கதீஜா (ரலி) மகளுக்கு அணிவித்து அனுப்பிய மாலை அது. அதைக் கண்டதும் நாயகம் (ஸல்) அவர்கள் மிகவும் உருகிப்போனார்கள். தோழர்கள் சம்மதித்தால் கைதியையும் விடுவித்து, மாலையையும் மகளிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார்கள். தோழர்களும் மனமுவந்து சம்மதித்தார்கள்.

படைக்குத் தலைவர், ஊருக்கு ஆட்சித் தலைவர், ஆயினும் தோழர்களின் சம்மதத்தைக் கேட்டார்கள். நினைவு எவ்வளவு இனியதாயினும் பிறர் உரிமையைத் தாண்டிச் செல்லக் கூடாது என்ற பாடம் இதில் இல்லையா?

அன்னையாரின் நினைவாக ஆடு அறுத்தால் அதன் இறைச்சியை அவர்களுடைய தோழிகளின் வீடுகளைத் தேடி அனுப்பிவைப்பது நாயகத்தின் வழக்கம். உமர் (ரலி) அவர்களின் மகனார் அப்துல்லாஹ் (ரலி) மக்கா செல்லும் வழியில் ஒரு கிராமத்து அரபியைக் கண்டு, தம் வாகனக் கழுதையையும் தலைப்பாகையையும் கொடுத்துவிட்டார்கள். சிறிது கொடுத்தாலே அவர் மகிழ்ந்திருப்பாரே என்று உடனிருந்தோர் கேட்டனர். அவருடைய தந்தை தம் தந்தையின் சினேகிதர் என்று பதிலளித்தார்கள். பெற்றோர் மறைந்த பிறகும் அவர்களுக்குச் செய்யும் நன்மை ஏதும் மீதம் உண்டா என்று ஒருவர் கேட்டபோது, அவர்களுக்காக துஆச் செய்தல், பிழைபொறுக்கத் தேடுதல், அவர்கள் கொடுத்த வாக்கை நிறைவேற்றுதல், அவர்கள் வழி உறவைப் பேணுதல், அவர்களுடைய சினேகிதரைக் கண்ணியப்படுத்துதல் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னார்கள்.

மனைவி சொன்ன சாட்சி

வெளியில் ஒருவன் நல்லவன் என்று பெயர் வாங்குவது எளிது. பள்ளிவாசலில் முன்வரிசை, கடைத்தெருவில் கும்பிடு, மேடையில் மாலை, இவையெல்லாம் கிடைத்துவிடும். வீட்டுக்குள் இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதே கேள்வி. தம் குடும்பத்தாரிடம் சிறந்தவரே உங்களில் சிறந்தவர் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததும் இதனால்தான்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நாயகத்திற்குப் பின் ஏறத்தாழ 47 ஆண்டுகள் வாழ்ந்து, ஹிஜ்ரி 58இல் மறைந்தார்கள். அந்த நீண்ட காலத்தில் அவர்கள் அறிவித்த ஹதீஸ்கள் 2210 என்று அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு விதவைத் தாயின் நினைவிலிருந்து உம்மத்துக்குக் கிடைத்த செல்வம் எவ்வளவு பெரிது பாருங்கள்! வீட்டில் நாயகம் (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று அஸ்வத் (ரஹ்) கேட்டபோது, வீட்டாருக்கு ஒத்தாசையாக வேலை செய்துகொண்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்றே அன்னையார் சொன்னார்கள். செருப்பைத் தாமே தைத்துக்கொள்வதையும், கிழிந்த துணியைத் தாமே ஒட்டுப்போட்டுக்கொள்வதையும் சொன்னார்கள்.

நம் வீட்டுப் பெண்கள் தம் கணவரைப் பற்றி அப்படிச் சொல்ல நாம் இடம் வைத்திருக்கிறோமா? தண்ணீர்ச் செம்பைக்கூட இருந்த இடத்திலிருந்தே கேட்டு வாங்கும் ஆண்மக்களே, கொஞ்சம் யோசியுங்கள்!

தந்தையாகவும் பாட்டனாராகவும்

மகள் ஃபாத்திமா (ரலி) வந்தால் நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து சென்று, முத்தமிட்டுத் தம் இடத்தில் அமர்த்துவார்கள். மகள் வயிற்றுப் பேத்தி உமாமா (ரலி)வைத் தோளில் சுமந்தபடியே தொழுதிருக்கிறார்கள். ஸஜ்தாவுக்குச் செல்லும்போது இறக்கி வைப்பார்கள், எழும்போது மீண்டும் தூக்கிக்கொள்வார்கள். மிம்பரில் குத்பா ஓதிக்கொண்டிருக்கும்போது சிவப்புச் சட்டை அணிந்த இரு பேரர்களும் தட்டுத் தடுமாறி வருவதைக் கண்டு, இறங்கி வந்து அவர்களைத் தூக்கி முன்னே வைத்துக்கொண்டார்கள். பேரரை முத்தமிட்டதைப் பார்த்த அக்ரஃ இப்னு ஹாபிஸ், தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று பெருமையாகச் சொன்னபோது, இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்ற பொருளில் எச்சரித்தார்கள்.

இந்தத் தந்தை தம் ஏழு பிள்ளைகளில் ஆறு பேரைத் தம் வாழ்நாளிலேயே மண்ணுக்குக் கொடுத்தவர்கள்! கடைசிப் பிள்ளை இப்ராஹீம் (ரலி), பால்குடி மறக்கும் முன்பே, ஹிஜ்ரி 10இல் மறைந்தார். நாயகம் (ஸல்) அவர்களின் கண்கள் கலங்கின. கண் அழுகிறது, உள்ளம் வருந்துகிறது, ஆனால் இறைவன் பொருந்தாத எதையும் நாவு சொல்லாது என்ற கருத்தை அப்போது மொழிந்தார்கள். ஆகவே அழுகை பாவமன்று. ஒப்பாரி வைத்து, நெஞ்சில் அடித்து, இறைவனின் விதியைக் குறை சொல்வதே தடுக்கப்பட்டது.

அன்றைய தினம் சூரிய கிரகணம் பிடித்தது. இப்ராஹீமின் மரணத்திற்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பேச்சை வாய்மூடிக் கேட்டிருப்பார்கள். நாயகமோ உடனே மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்கும் இறப்புக்கும் அவை கிரகணம் கொள்வதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள்.

சொந்த மகனின் மரணத்திலும் ஒரு பொய்ப் புகழை ஏற்கவில்லை! இறந்தவரைப் பற்றிப் பேசும்போது நாம் கைக்கொள்ள வேண்டிய அளவுகோல் இது. நல்லதைச் சொல்லுங்கள், உள்ளதைச் சொல்லுங்கள். இல்லாத கராமத்தைக் கட்டிவிடாதீர்கள்.

கடன் தீராமல் நினைவு ஏது?

இனி மகன் கேட்ட கேள்விக்கு வருவோம்.

நாயகம் (ஸல்) அவர்கள் வபாத்தானபோது அவர்களுடைய போர்க்கவசம், வீட்டாரின் உணவுக்காக வாங்கிய 30 ஸாஉ வாற்கோதுமைக்கு ஈடாக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. பஹ்ரைனிலிருந்து பொருள் வந்தால் இவ்வளவு தருவேன் என்று ஜாபிர் (ரலி) என்ற தோழருக்கு மூன்று முறை கைகாட்டி வாக்களித்திருந்தார்கள். பொருள் வரும் முன்பே மறைந்தார்கள். கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள்! பொருள் வந்ததும், நாயகம் (ஸல்) யாருக்காவது கடன்பட்டிருந்தாலோ வாக்களித்திருந்தாலோ நம்மிடம் வரட்டும் என்று ஊரறிய அறிவித்தார்கள். ஜாபிர் (ரலி) வந்து சொன்னதும் இரு கையாலும் அள்ளிக் கொடுத்தார்கள். எண்ணிப் பார்த்தபோது 500 இருந்தது. அதைப்போல் இன்னும் இரு மடங்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆக 1500!

சாட்சி கேட்கவில்லை, பத்திரம் கேட்கவில்லை, பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் இல்லை.

இந்த ஜாபிர் (ரலி) யார்? உஹதுப் போரில் ஷஹீதான அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் மகன். தந்தை கடனையும் பெண்மக்களையும் விட்டுச் சென்றார். மகன் திருமணமாகாத தங்கைகளைக் காத்தார். தோட்டத்துப் பேரீச்சம் பழத்தை அறுத்துக் குவித்து, நாயகத்தை அழைத்து வந்து, கடன்காரர்களுக்கு அளந்து கொடுத்தார். அண்ணலாரின் பரக்கத்தால் கடன் முழுதும் தீர்ந்தது.

இன்னொரு சமயம் ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. இறந்தவருக்கு 3 தீனார் கடன் இருந்தது. அதை அடைக்க அவர் எதையும் விட்டுச் செல்லவில்லை. நாயகம் (ஸல்) தாம் தொழவைக்காமல், தோழருக்காக நீங்களே தொழுங்கள் என்றார்கள். அபூ கதாதா (ரலி) அந்தக் கடனைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பிறகே தொழவைத்தார்கள். கடன் தீரும்வரை முஃமினின் ஆன்மா அதனோடு பிணைக்கப்பட்டிருக்கிறது என்ற கருத்திலும் ஹதீஸ் வந்திருக்கிறது.

அல்லாஹ் தன் திருமறையில், அந்நிஸா என்ற 4ஆவது அத்தியாயத்தில் வாரிசுப் பங்குகளைச் சொல்லும்போது, மரண சாஸனமும் கடனும் போக எஞ்சியதற்கே பங்கு என்று திரும்பத் திரும்ப நினைவூட்டுகிறான். எனவே ஃபிக்ஹு சட்ட வல்லுநர்கள் இப்படி வரிசைப்படுத்தியிருக்கிறார்கள்: முதலில் கஃபன், அடக்கச் செலவு, அடுத்து கடன்கள், அடுத்து மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத்து, பிறகே வாரிசுகளின் பங்கு. மனைவிக்குக் கொடுபடாத மஹரும் கடனே என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

வண்டியூர்க் குடும்பத்தின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கடனும் வஸிய்யத்தும் போக மீந்ததில் மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதியை ஐந்து பங்காக்கி, மகன்களுக்கு இரண்டிரண்டு, மகளுக்கு ஒன்று. மகள் கேட்கமாட்டாள் என்பதற்காக அவள் பங்கு இல்லாமல் போய்விடாது!

விருந்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஹிஜ்ரி 8இல் மூத்தா போரில் ஜஃபர் (ரலி) ஷஹீதான செய்தி வந்தபோது, ஜஃபரின் வீட்டாருக்கு உணவு சமைத்துக் கொடுங்கள், அவர்கள் துயரத்தில் இருக்கிறார்கள் என்று நாயகம் (ஸல்) ஏவினார்கள். துயர வீட்டுக்கு ஊர் சோறு போட வேண்டும். நாமோ தலைகீழாக, துயர வீட்டிலிருந்து ஊருக்குச் சோறு எதிர்பார்க்கிறோம்! நாற்பதாம் நாள் ஃபாத்திஹா பற்றிப் பெரியவர்களிடையே உள்ள கருத்து வேற்றுமைக்குள் நாம் இங்கே நுழையவில்லை. இறந்தவரின் கடன் அடைபடாமல், யத்தீம்களின் பங்கில் கைவைத்து, அல்லது புதுக் கடன் வாங்கி விருந்து வைப்பது கூடாது என்பதில் வேற்றுமைக்கு இடமே இல்லை.

தொடங்கியதை முடிப்பது

நம் தமிழகத்து வரலாற்றிலும் ஒரு சம்பவம் உண்டு. கீழக்கரை வள்ளல் சீதக்காதி என்ற ஷைகு அப்துல் காதிர் அவர்களைச் செத்தும் கொடுத்தவர் என்று இன்றும் தமிழ் மக்கள் மத வேறுபாடின்றிச் சொல்கிறார்கள். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாட ஆதரவு தந்தவர் அவரே. காப்பியம் நிறைவேறும் முன்னர் வள்ளல் மறைந்தார். ஆனால் பணி நின்றுவிடவில்லை. பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் அந்தப் பொறுப்பை ஏற்றார். 5027 பாடல்கள் கொண்ட காப்பியம் நமக்குக் கிடைத்தது. ஒருவர் தொடங்கிய நன்மையை இன்னொருவர் ஏற்று முடிப்பது எவ்வளவு உயர்ந்த நினைவுச் சின்னம்!

மனிதன் இறந்தால் அவனுடைய அமல்கள் நின்றுவிடுகின்றன. நிலையான தருமம், பயன் தரும் கல்வி, அவனுக்காக துஆச் செய்யும் ஸாலிஹான பிள்ளை ஆகிய மூன்றும் தொடர்கின்றன என்று ஹதீஸ் போதிப்பதும் இதையே.

நோட்டில் இருந்தது

இவற்றையெல்லாம் சுருக்கமாக அந்த மகனிடம் சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். கோபித்துக்கொண்டாரோ என்றுகூட நினைத்தோம். மறுநாள் இஷாவுக்குப் பிறகு தம்பியோடு வந்தார். கையில் அந்த நோட்டு.

முன்பக்கங்களில் ஊரார் தர வேண்டிய பற்று. பல வரிகள் அடிக்கப்பட்டு, ஓரத்தில் ஹலால் என்று எழுதப்பட்டிருந்தது. தர முடியாதவர்களுக்கு அந்தப் பெரியவர் சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்த தொகைகள் அவை. பிள்ளைகளுக்கே இது தெரியாது! கடன்பட்டோரின் கஷ்டத்தைப் பார்த்து விட்டுக்கொடுத்த ஒரு வியாபாரியை அல்லாஹ்வும் மன்னித்தான் என்ற ஹதீஸை நினைத்து நம் கண் கலங்கியது.

கடைசிப் பக்கத்தில் கொடுக்க வேண்டியவை இருந்தன. மொத்த வியாபாரி ஒருவருக்கு நிற்கும் பாக்கி. அதன் கீழே, பக்கத்துத் தெருவில் இட்லிக் கடை போட்டுப் பிழைக்கும் ஒரு பெண்மணியின் பெயரும் தொகையும், 'அமானிதம்' என்ற சொல்லும். சிறுகச் சிறுகச் சேர்த்ததை நம்பிக் கொடுத்து வைத்திருக்கிறார். அவர் மவுத்தன்று வந்து அழுதுவிட்டு, பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனவர். பிள்ளைகளுக்குத் தெரியுமோ தெரியாதோ என்ற கலக்கத்தோடு இத்தனை நாளும் இருந்திருப்பார். ஹிஜ்ரத்தின் இரவில் நாயகம் (ஸல்) தம் உயிருக்கே ஆபத்திருந்தபோதும், மக்கா மக்களின் அமானிதங்களைத் திருப்பிக் கொடுக்க அலீ (ரலி) அவர்களை நிறுத்திச் சென்றார்களே! நாற்பதாம் நாளுக்குச் சொல்லிவைத்த கைமாற்றை மகன்கள் வாங்கவில்லை. கடைச் சரக்கை விற்று, முதலில் அந்தப் பெண்மணியின் வீட்டுக்குப் போனார்கள்.

மஹரைப் பற்றிக் கேட்டோம். "அம்மா எப்பவோ மன்னிச்சிருப்பாங்க" என்றார் தம்பி. "இருப்பாங்க என்பது போதாது, கேளுங்கள்" என்றோம். அந்தத் தாயார் இத்தாவில் இருக்கிறார். நான்கு மாதம் பத்து நாள் என்பது அல்லாஹ் விதித்த தவணை. மகன்கள் உள்ளே சென்று கேட்டுவந்து நம்மிடம் சொன்னார்கள்: "ஒவ்வொரு ரமலானுக்கும் தந்துடுறேன் தந்துடுறேன்னு சொல்வாங்க. கையில நிக்காது. நான் வாங்கிக்கிறேன். அவங்க தர நினைச்சது தந்ததா ஆகட்டும்" என்றாராம் அந்த அம்மா. நிக்காஹ் புத்தகத்தில் எழுதிய அந்தப் பழைய தொகை இன்றைக்கு ஒரு வேளைச் சாமானுக்குக் காணாது. ஆயினும் அதைக் கையில் வாங்கியபோது அவர் அழுதார் என்று மகன்கள் சொன்னார்கள்.

பேரனை மறக்கவில்லை. ஹஸன் (ரலி) அவர்களின் கதையைச் சொல்லி, ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக் கொடுத்தோம். "நன்னாவைத் தெரிந்த ஒவ்வொருவரிடமும் போய்க் கேள். பார்த்ததை மட்டும் சொல்லச் சொல். எழுதி வை" என்றோம். இட்லிக் கடைப் பெண்மணியிடம் கேட்டிருக்கிறான். நன்னாவோடு நாற்பது வருடம் டீக்கடையில் உட்கார்ந்திருந்த சினேகிதரிடம் கேட்டிருக்கிறான். சென்ற வாரம் வந்து, "ஹஜ்ரத்! சின்ன மாமா கூப்பிட்டா நன்னா கூப்பிடுற மாதிரியே இருக்கு. இப்பத்தான் கவனிச்சேன்" என்றான்.

அன்பர்களே! நம் வீட்டிலும் ஒரு நோட்டு இருக்கிறது. அதில் என்ன எழுதிக்கொண்டிருக்கிறோம்? நாம் போன பிறகு மனைவி எதைச் சொல்வாள், பிள்ளை எதை அடைப்பான், பேரன் எதை மனனம் வைத்திருப்பான்? உயிர் உள்ளபோதே இன்றைக்கே அதைத் திறந்து பாருங்கள். கடனை எழுதிவையுங்கள், அமானிதத்தை வீட்டாருக்குச் சொல்லிவையுங்கள், மஹரைக் கொடுத்துவிடுங்கள், பேரப்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு துஆவாவது கற்றுக்கொடுங்கள்.

யா அல்லாஹ்! மறைந்த எங்கள் கணவன்மார்கள், தந்தையர், பாட்டனார் அனைவரின் பிழைகளையும் பொறுத்தருள்வாயாக! அவர்களுடைய கப்ருகளை ஒளிமயமாக்குவாயாக! அவர்கள் விட்டுச் சென்ற கடமைகளை நிறைவேற்ற எங்களுக்கு தவ்பீக் செய்வாயாக! எங்கள் வீட்டார் எங்களைப் பற்றி நல்ல சாட்சி சொல்லும்படியான வாழ்வைத் தந்தருள்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.